வண்டி லேசாயிருச்சு அண்ணாச்சி

முதல் அநியாயம் கார்புரேட்டர். இரண்டாவது ரேடியேட்டர். மூன்றாவது டைனமோ. நான்காவது கிளட்ச் பிளேட். ஐந்தாவது பிஸ்டன், அதிலும் நாலைக் கழற்றி மூன்றை மாட்டியது. ஆறாவது சைலன்சர். ஏழாவது என்னவென்று இந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது, ஆனால் ஏழாவதற்குப் பிறகுதான் கார் பறந்தது.

வரிசையை மாற்றாமல் சொல்கிறேன், ஏனென்றால் நாற்பது வருடம் துண்டறிக்கை எழுதியவன் நான், எண் போடாத கோரிக்கையை முதலாளி மடித்து விசிறிக்கொள்வான் என்பதைக் கண்ணால் பார்த்தவன். அளத்தடி உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் கோயில்பிள்ளை என்று கேட்டால் லத்தி பிடித்த ஏட்டு முதல் உப்பு மூடை தைக்கிற பெண் வரை கை காட்டுவார்கள். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது, மிச்சத்தை அச்சு மை காயாத தாள்களில் படித்தேன்.

ஏழு அநியாயங்களுக்கும் காரணம் ஒரே ஆள், பலவேசம். திருச்செந்தூர் ரோட்டில் பூவரச மரத்தடியில் அவன் பட்டறை. நல்ல கனமான உடம்பு, சிரித்தால் முதலில் வயிறு சிரிக்கும், பிறகுதான் முகம். துறைமுகத்துப் பக்கம் வேறு பட்டறைகள் உண்டு, ஆனால் கம்பெனிக்குப் பயந்து சங்கத்து வண்டியைத் தொட மாட்டார்கள். பலவேசம் யாருக்கும் பயப்படாதவன். பயமில்லாதவன் திருடனாகவும் இருப்பான் என்று எந்தத் துண்டறிக்கையும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிஸ்டன் மூன்றுதான் இருக்கிறது என்று நான் கண்டுபிடித்த அன்று அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “நாலும் ஒரே வேலையத்தானே செய்யுது அண்ணாச்சி. ஒருத்தன் லீவு போட்டா மத்தவன் பாக்க மாட்டானா? நீங்கதானே ஒத்துமை ஒத்துமைங்கிய.”

நான் கோபப்பட்டு வாயைத் திறக்குமுன் அவனுடைய வயிறு சிரித்துவிட்டது.

கார் எங்களுக்கு ஆடம்பரத்துக்கு அல்ல. ஊரைவிட்டுப் போன பல் டாக்டர் ஒருவரின் பழைய கறுப்பு வண்டி அது, மைனியின் வழக்குக்காகவே வாங்கினோம். மைனி என்றால் மாசானம் பெண்சாதி. அண்ணி முறை. எனக்கு மைனி, தெருவுக்கு மைனி, பால்காரனுக்கும் மைனி. புருசனும் பெண்சாதியுமாக முப்பத்தோரு வருடம் ஒரே பாத்தியில் உப்பு வாரினார்கள். கம்பெனிப் பதிவேட்டில் கணக்கப்பிள்ளை எழுதியது ‘மாசானம், கூட ஒண்ணு’. மாசானம் செத்த அன்று அவர் பேரைச் சிவப்பு மையால் அடித்தார்கள், கூட இருந்த ஒண்ணும் அந்தக் கோட்டிலேயே அடிபட்டுப் போனது.

உப்பின் வெள்ளையில் பட்டுத் தெறிக்கிற வெயிலை முப்பத்தோரு வருடம் பார்த்த கண்கள் அவளுடையவை. இடது கண் போய்விட்டது. வலது கண்ணை மழைக்காலத்துக்குள் அறுத்துச் சரிசெய்தால் பார்வை நிற்கும், ஆனால் இந்த அம்மாள் தொழிலாளி என்று பதிவேடு சொன்னால்தான் படுக்கை என்று தொழிலாளர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் வழக்குப் போட்டோம். விசாரணை நெல்லையில், தொழிலாளர் அலுவலகத்தில், காலை பதினொரு மணிக்கு. எங்கள் ஊர் பஸ் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்று நின்று மத்தியானத்துக்குத்தான் போய்ச் சேரும். முதல் வாய்தாவுக்குப் போன கார் வல்லநாட்டு ஏற்றத்தில் நின்றது. இரண்டாம் வாய்தாவுக்குப் போனது தெய்வச்செயல்புரத்தில் நின்றது. கடவுள் இல்லை என்று முப்பது மேடையில் பேசிய நான் அந்த ஊர்ப் பலகையின் கீழே இரண்டு மணி நேரம் நின்றேன். மூன்றாம் வாய்தாவுக்கும் ஆள் வராவிட்டால் மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. மாசி மாதக் கடைசிப் புதன்கிழமை. அதற்கு மேல் மைனிக்கு வலது கண் இல்லை.

அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஏழாவது தடவை வண்டியை விட்டேன். பலவேசம் அதை முழுதாகப் படித்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சங்கத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒற்றைக் கையால் தள்ளினான்.

“வண்டி லேசாயிருச்சு அண்ணாச்சி.”

மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் இது. நான் உட்கார்ந்தேன், கதவைச் சாத்தினேன், சாவியைத் திருகினேன். சத்தமே இல்லை. சங்கத்துக் கொடி என் முகத்துக்கு நேராக ஆடியது, பிறகு கீழே போனது, பிறகு எதிர்வீட்டு ஓட்டின் மேல் காயப்போட்ட மிளகாய் தெரிந்தது. டீக்கடைச் சுயம்புலிங்கம் அண்ணாந்து பார்த்து, “அண்ணாச்சிக்கு டீ மேல வரணுமா, கீழ வந்து குடிப்பீயளா?” என்று கேட்டான்.

கயிறு போட்டு இழுத்து இறக்கினார்கள். இறங்கியதும் முதல் வேலையாகப் பானெட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு பூவரச இலை இருந்தது. பக்கத்தில் ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

“இன்ஜின் எங்கல?”

“அதையும் நாலு தடவ கழத்தி மாட்டியாச்சு, கோளாறு போகல. இன்ஜினே இல்லேன்னா இன்ஜின் கோளாறு எங்கேருந்து வரும் அண்ணாச்சி?”

இதை அவன் நடுத்தெருவில் நின்று சொன்னான், கேட்ட நாற்பது பேரும் தலையாட்டினார்கள். இன்ஜின் போன வண்டி நிற்கும், பறக்காது, அதோடு ஏழாவதாக இன்னொன்றையும் எடுத்திருக்கிறான் என்பது எனக்கு மட்டும்தான் உறைத்தது.

எடுத்த எடுப்பிலேயே ஊர் அந்தக் காரைத் தன்னுடையதாக்கிக்கொண்ட விதத்தை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள், ஏனென்றால் வேறு யாருக்கும் அதில் எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. விளக்குக் கம்பத்தில் ஆட்டைக் கட்டுவது போலக் காரைக் கட்டினார்கள், வருகிறவர் போகிறவர் அதன் வயிற்றைத் தட்டிவிட்டுப் போனார்கள், அது ஒரு முழம் ஏறி ஒரு முழம் இறங்கியது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்குக் கேஸ் எழுத வந்த ஏட்டு, எந்த இடத்தில் என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அண்ணாந்து நின்று, கடைசியில் கம்பத்து முடிச்சு சரியில்லை என்று சொல்லித் தானே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார். கோயில் பூசாரி வாகனம் என்றார், தேவாலயத்துச் சாமியார் அதற்கு முன்மாதிரி உண்டு என்றார், என் சொந்தச் சங்கத்துப் பொருளாளர் இது பௌதிகம் என்றார், மூன்று பேரும் சேர்ந்து ஒரே சுற்றில் உட்கார்ந்து பறந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அளத்துப் பெண்கள் கயிற்றை அவிழ்த்துக் காரை வேலைக்கு இழுத்துப் போனார்கள். அளத்தில் மரம் கிடையாது, பந்தல் கிடையாது, ஆள் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிற வெயில். அவர்கள் காரைத் தலைக்கு மேலே கட்டி, வாருகிற பாத்திக்குப் பாத்தி நகர்த்தினார்கள், அதன் நிழல் ஒரு கறுப்புப் பாய் போல அவர்களோடு கூடவே போனது. அவர்களோடு போன மைனி முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக நிழலில் நின்று கஞ்சி குடித்தாள். உப்பு விளைகிற இடத்தில் நிழல் விழுகிறது, ஆவியாவது குறைகிறது என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. பெண்கள் அந்த நோட்டீஸை மடித்து விசிறிக்கொண்டார்கள்.

அளத்தில் நிழற்கூரை வேண்டும் என்பது இருபத்திரண்டு வருடமாக என் நான்காவது கோரிக்கை. அதற்காக இரண்டு தடவை உள்ளே போயிருக்கிறேன். பலவேசம் என்கிற திருடன் இன்ஜினைத் திருடி அதை ஒரே காலையில் நிறைவேற்றிவிட்டான். அவனுக்கு மாலை போட்டார்கள். அவன் கூச்சப்பட்டுக்கொண்டே கழுத்தை நீட்டினான். உப்பு லாரிக்காரர்களும் ஐஸ் வண்டிக்காரரும் வரிசையில் நின்று தங்கள் வண்டியையும் லேசாக்கித் தரச் சொன்னார்கள், அவனும் ஆசை தீரக் கழற்றினான், அந்த வண்டிகள் எல்லாம் தரையிலேயே நின்றன, ஆனாலும் ஒருவருக்கும் கோபம் வரவில்லை, இன்னும் இரண்டு பாகம் எடுத்தால் எழும்பிவிடும் என்று டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான் கண்டனக் கூட்டம் போட்டேன். ‘பறப்பது நியாயமாகாது’ என்று துண்டறிக்கை அடித்தேன். கோரிக்கை ஒன்று, ஏழாவதாக எடுத்த பாகம் எது என்பதைப் பலவேசம் தன் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும். கோரிக்கை இரண்டு, எடுத்தது எல்லாவற்றையும் திருப்பி மாட்ட வேண்டும். இரண்டாவதை வாசித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பியது.

சுயம்புலிங்கம் எழுந்தான். “அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்படாது. ஓட வேண்டிய வண்டி பறக்குது. கொறச்சுக் குடுத்தா சண்ட போடலாம், கூடக் குடுத்தவன்ட்ட என்னன்னு சண்ட போட?”

“அவன் திருடியிருக்காம்யா.”

“ஆமா. அத யாரு இல்லேங்கா?”

கூட்டம் கைதட்டியது. யாருக்காகத் தட்டினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மைனி மட்டும் மெதுவாக எழுந்து என் பக்கம் வந்தாள். “கொழுந்தனாரே, புதன்கிழமை அது போவுமா போவாதா? அத மட்டும் சொல்லும்.”

அதனால் புதன்கிழமை விடியற்காலையில், மனத்தில் கண்டனத்தோடும் மடியில் வழக்குக் கட்டோடும் நான் முன் சீட்டில் ஏறினேன். பின் சீட்டில் மைனி. ஸ்டியரிங்கில் பலவேசம், கனத்துக்கும் ஆச்சு, குற்றவாளி கண் முன்னால் இருந்த மாதிரியும் ஆச்சு. கால் வைக்கிற இடமெல்லாம் உப்பு மூடை. காற்றுப் பார்த்துத் தோணி விடுகிற கடற்கரைத் தொம்மை வந்து கொண்டல் காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, நேரே மேற்கே தள்ளும், மேலே ஏற வேண்டுமென்றால் உப்பைக் கொட்டுங்கள் என்றான். ஏட்டு போட்ட முடிச்சு ஒருவருக்கும் அவிழவில்லை. அறுத்துவிட்டார்கள், முன் பம்பரில் நாலு முழக் கயிறுதான் மிச்சம் தொங்கியது.

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு புரட்சிக்காரன் இப்படி எழுதக் கூடாது, ஆனால் எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது. அளங்கள் கீழே கண்ணாடி வைத்து இழைத்த தரை போலக் கிடந்தன, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு குட்டிக் கறுப்புக் கார் எங்களோடு கூடவே போனது, பெண்கள் உப்பு வாருகிற பலகையைத் தூக்கி ஆட்டினார்கள், கம்பெனி மானேஜர் வீட்டு மொட்டைமாடியில் வடகம் காய்வது தெரிந்தது, பலவேசம் ஹாரனை அடித்தான், அது மட்டும் இன்னும் அசல் ஹாரனாகவே இருந்தது. மின்கம்பிக்காக ஒரு மூடை கொட்டினோம், கீழே ஒரு கிழவர் வாயைத் திறந்து ருசி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தெய்வச்செயல்புரத்துக்கு மேலே நான் வேண்டுமென்றே இரண்டு பிடி அதிகமாகக் கொட்டினேன். வல்லநாட்டு மலை குறுக்கே வந்தபோது மிச்சம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று, மலைமேல் மேய்ந்த மான்கள் ஓடி வந்து பாறையை நக்கின. மைனி கதவுக் கண்ணாடியில் வலது கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு, “எல்லாம் வெள்ளையாத்தான் தெரியுது, ஆனா இது குளுந்த வெள்ள” என்றாள்.

“பின்ன, லேசா ஓடுதுல்லா?” என்றான் பலவேசம்.

“ஏழாவது பாகம் எது?” என்றேன்.

“அந்தக் கேள்விதான் அண்ணாச்சி இதுல கனமா கெடக்கு. அத எறக்கி வைங்க, இன்னும் மேல போலாம்.”

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொழிலாளர் அலுவலகம் வந்தது. அலுவலகம் மாடியில். உப்பு அவ்வளவும் தீர்ந்துபோனதால் வண்டி அதற்குக் கீழே இறங்க மறுத்தது, முதல் மாடி ஜன்னலுக்கு நேராக வந்து, கம்பிகளை உரசிக்கொண்டு நின்றது. உள்ளே மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி அம்மாள், தடித்த கண்ணாடி, முன்னால் கம்பெனி வக்கீல், அவர் பக்கத்தில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளை. வாசலில் சிவப்புப் பட்டை போட்ட டவாலி. நான் கையை நீட்டிக் கயிற்றைக் கொடுத்தேன். டவாலி அதை வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, “பத்து மணிக்கே வந்து ஒக்காரணும், இப்படிக் கடைசி நேரத்துல வந்தா எப்படி?” என்று மட்டும் கேட்டார்.

வக்கீல் எழுந்தார். மனுதாரர் அலுவலகத்துக்குள் ஆஜராகவில்லை, கட்டடத்துக்கு வெளியே இருக்கிறார், ஆகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார்.

“விதியில ‘அதிகாரியின் முன்பு’ன்னுதான் இருக்கு” என்றேன். “தரையில காலு இருக்கணும்னு எந்த விதியிலயும் இல்ல. பதினேழாவது விதி, இரண்டாவது உட்பிரிவு.”

அதிகாரி அம்மாள் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மைனியைப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். “முன்னாடிதான் இருக்காங்க. கூப்பிடுங்க.”

டவாலி வாசலுக்குப் போய், வழக்கப்படி உள்பக்கம் முதுகைக் காட்டி, கட்டடம் அதிரக் கூப்பிட்டார். “மனுதாரர் திருமதி மாசானம். திருமதி மாசானம். திருமதி மாசானம்.”

மைனி மடியில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

“நீங்கதானேம்மா?” என்றார் அதிகாரி. “உங்க பேரைச் சொல்லுங்க.”

மைனி முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். “மைனி, சொல்லுங்க, பயப்படாதீய” என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வக்கீலின் முகம் மலர்ந்தது. மனுதாரர் தன் அடையாளத்தை உறுதிசெய்ய மறுக்கிறார் என்பதைப் பதிவு செய்யக் கேட்டார். அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா காகிதத்தைத் தொட்டால் ஒரு கண் போய்விடும்.

“ஏன் மைனி?”

“நான் எப்படிக் கொழுந்தனாரே சொல்லுவேன்?” என்றாள் அவள், முந்தானைக்குள்ளிருந்து. “அவுக பேரல்லா அது. அவுக இருந்தப்பவும் சொன்னதில்ல, செத்தப்பறவும் சொன்னதில்ல. இத்தன வருசம் கழிச்சு இந்த ஜன்னல்ல வச்சுச் சொல்லச் சொல்லுதீயளே.”

மனுவை எழுதியவன் நான். என் கையெழுத்து, என் வாசகம், பதினாறு பத்தி, எல்லாவற்றுக்கும் எண். கம்பெனி அவளைக் கூட ஒண்ணு என்று எழுதியதை நாலாம் பத்தியில் நான் கிழித்திருக்கும் கிழிப்பைக் கல்லூரிப் பேராசிரியர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மேலே, மனுதாரர் என்ற சொல்லுக்கு எதிரே, ‘திருமதி மாசானம்’ என்று எழுதியிருந்தேன். அவளைப் பற்றி எழுதிய ஒன்பது துண்டறிக்கைகளிலும் அப்படித்தான்.

“அப்போ இவங்க பேர் என்ன, செயலாளரே?” என்றார் அதிகாரி அம்மாள்.

நான் வழக்குக் கட்டைப் புரட்டினேன். அதில் இருக்காது என்று தெரிந்தும் புரட்டினேன்.

பக்கத்தில் பலவேசத்தின் வயிறு மெதுவாகக் குலுங்க ஆரம்பித்தது, கார் முழுக்கக் குலுங்கியது. “முக்கியமான பாகத்த மாட்டாம வண்டிய வெளிய விட்டது நான் ஒருத்தந்தான்னு நெனச்சு வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி.”

கணக்கப்பிள்ளை சிரித்தார். டவாலியும் சிரித்தார். எனக்கும், என்ன அவமானமோ, சிரிப்பு வந்துவிட்டது, நாற்பது வருடத்தில் எதிர்த்தரப்போடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்தபின் வக்கீலைப் பார்த்து, மனுவில் தவறு என்னுடையது, மனுதாரருடையது அல்ல, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு எண் தேவைப்படவில்லை.

அதிகாரி அம்மாள் பேனாவைக் காகிதத்திலிருந்து தள்ளி வைத்தார். எழுத்துப் பிழையைத் திருத்தலாம், விதி இருக்கிறது. அடித்து எழுதி, அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, திருத்தியதைச் சாட்சிகள் காதில் விழும்படி வாசிக்க வேண்டும். அதன் பிறகு கம்பெனிப் பதிவேட்டிலும் கணக்கப்பிள்ளை அதையே ஏற்ற வேண்டும், முப்பத்தோரு வருடத்துக்கும், ஒவ்வொரு பக்கத்திலும்.

“ஒவ்வொரு பக்கத்துலயுமா?” என்றார் கணக்கப்பிள்ளை.

“கூட ஒண்ணுன்னு எத்தனை பக்கத்துல எழுதினீங்களோ அத்தனை பக்கத்துல.”

கம்பி வழியாக மனு வந்தது. என் எழுத்தை நானே அடித்தேன். மைனி பின் சீட்டிலிருந்து முன்னால் குனிந்தாள், முந்தானையை விலக்கினாள், என் காதில் சொன்னாள். கடைசியாக அதைச் சத்தமாகச் சொன்னவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்க வேண்டும், அவளே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, சரிதானா என்று யோசித்து, மறுபடி சொன்னாள். நான் எழுதினேன். பிறகு காரின் கதவைத் திறந்து, ஆடுகிற படியில் ஒரு காலை வைத்து எழுந்து நின்றேன். பலவேசம் என் இடுப்பு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஜன்னலில் அதிகாரி அம்மாள், வக்கீல், கணக்கப்பிள்ளை, டவாலி. கீழே ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிற கூட்டம். ஒலிபெருக்கி இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. மூச்சை நன்றாக இழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன்.

“பேராச்சி.”